வெப்பமான விண்மீன்களைப் படிக்கப் புற ஊதா ஒளி ஏன் வேண்டும்?

விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படம் ஒன்று கைபேசிகளில் சுற்றும்போது கூடவே இரண்டு விளக்கங்களும் சுற்றுகின்றன. "புற ஊதாவில் எடுத்தது என்றால் நிறத்தை மாற்றிப் போட்டது என்று அர்த்தம்" என்பது ஒன்று. "நிறமாலையில் எந்தத் தனிமத்தின் வரி தடிமனாகத் தெரிகிறதோ, அந்தத் தனிமம்தான் அந்த விண்மீனில் அதிகம்" என்பது இன்னொன்று. முதலாவது பாதி உண்மை. இரண்டாவது பெரும்பாலும் பிழை. இரண்டும் சேர்ந்து வானியலின் மிக அழகான ஒரு பகுதியை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றன என்பதுதான் எனக்கு வருத்தம்.

சூரியனைவிடப் பல மடங்கு வெப்பமான விண்மீன்கள் தங்கள் ஒளியில் பெரும்பகுதியைப் புற ஊதாவில்தான் வெளியிடுகின்றன. அவற்றின் வேதியியல், அவற்றிலிருந்து வீசும் காற்று, பக்கத்தில் ஒளிந்திருக்கும் துணை விண்மீன் என எல்லாவற்றுக்குமான தடயமும் அங்கேதான் கிடக்கிறது. அது ஏன் அப்படி என்பதை அடியிலிருந்து பார்ப்போம். இயற்பியல் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

வெப்பமும் நிறமும்

கொல்லர் உலையில் இரும்பைக் காய்ச்சும்போது முதலில் அது மங்கிய சிவப்பாக ஒளிர்கிறது. துருத்தியை ஊத ஊத ஆரஞ்சாகி, மஞ்சளாகி, கடைசியில் கண் கூசும் வெண்மைக்கு வருகிறது. சிவப்பாக இருக்கும் கம்பியைவிட வெள்ளையாக இருக்கும் கம்பிதான் அதிகச் சூடு என்பது பட்டறையில் நின்றவர்களுக்குத் தெரியும். விண்மீனிலும் இதே விதிதான், வெப்பநிலை மட்டும் பல மடங்கு அதிகம்.

ஒளி ஓர் அலை. அதன் அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு இடையிலான தூரம் அலைநீளம். ஒளியின் அலைநீளம் மிகச் சிறியது என்பதால் அதை நானோமீட்டரில் அளக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் நானோமீட்டர். நம் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை பார்க்கும். 400 பக்கம் ஊதா, 700 பக்கம் சிவப்பு. 400க்குக் கீழே 10 வரை இருப்பது புற ஊதா.

ஒரு பொருள் எந்த அலைநீளத்தில் அதிகமாக ஒளிர்கிறது என்பதை வீன் விதி சொல்கிறது. கணக்கு எளிது. 29 லட்சத்தை அந்தப் பொருளின் வெப்பநிலையால் வகுத்தால் விடை நானோமீட்டரில் வரும். வெப்பநிலையைக் கெல்வினில் எடுக்க வேண்டும். செல்சியஸோடு 273ஐக் கூட்டினால் கெல்வின். ஆயிரக்கணக்கில் பேசும்போது இந்த வேறுபாடு பெரிதில்லை.

சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,800 கெல்வின். வகுத்தால் 500 நானோமீட்டர், அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் நடுப்பகுதி. திருவாதிரை சுமார் 3,600 கெல்வின் என்பதால் அதன் உச்சம் 800 பக்கம் போய் அகச்சிவப்பில் விழுகிறது. இப்போது ஜீட்டா பப்பிஸ் என்ற விண்மீனை எடுத்துக்கொள்வோம். சுமார் 40,000 கெல்வின். உச்சம் 72 நானோமீட்டரில், ஆழமான புற ஊதாவுக்குள் இருக்கிறது. சூரியன் வெளியிடும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கண்ணுக்குத் தெரியும் ஒளி. 40,000 கெல்வினில் இதே கணக்கைப் போட்டால் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்குதான் தேறும்.

இங்கே அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது. "நீல விண்மீன் வெப்பமானது" என்பது சரி. ஆனால் எவ்வளவு வெப்பம் என்பதை அந்த நீலத்தை வைத்துச் சொல்வது மிகக் கடினம். ஏறத்தாழ 25,000 கெல்வினைத் தாண்டிவிட்டால், நம் கண்ணுக்கு எட்டும் பகுதியில் ஒளி குறைந்துகொண்டு போகும் விதம் எல்லா விண்மீனிலும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் ஆகிவிடுகிறது. 25,000 கெல்வின் விண்மீனும் 45,000 கெல்வின் விண்மீனும் ஒரே நீலவெள்ளையாகத் தெரியும். வழியில் உள்ள விண்தூசி வேறு நீலத்தைச் சற்று மழுக்கிவிடும்.

சுருக்கமாக, விண்மீன் எவ்வளவு வெப்பமோ அவ்வளவு குறுகிய அலைநீளத்தில் அதன் ஒளி உச்சம் பெறும். மிக வெப்பமானவற்றில் நாம் கண்ணால் காண்பது மொத்த ஒளியின் ஒரு சிறு ஓரம். அந்த ஓரத்தின் நிறத்தை வைத்து அதிகம் அறிய முடியாது.

வரிகள் எப்படி விழுகின்றன

ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்துப் பரப்பினால் கிடைப்பது நிறமாலை. வானவில் அதன் எளிய வடிவம். விண்மீனின் நிறமாலையை நுணுக்கமாகப் பார்த்தால் இடையிடையே மெல்லிய இருண்ட வரிகள் தெரியும். இந்த வரிகளின் இடத்தையும் ஆழத்தையும் அளந்து பொருள் காண்பதுதான் நிறமாலை ஆய்வு. படம் எடுப்பது வேறு, இது வேறு. புற ஊதாப் படத்துக்குக் கணினியில் நிறம் ஏற்றத்தான் வேண்டும், நம் கண்ணால் அதைப் பார்க்க முடியாதே. நிறமாலையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அது அலைநீளத்துக்கு எதிராக ஒளியின் அளவைக் காட்டும் ஒரு வரைபடம்.

வரி விழுவதற்குக் காரணம் அணுவுக்குள் இருக்கும் எலக்ட்ரான். எலக்ட்ரான்களுக்குக் குறிப்பிட்ட சில ஆற்றல் நிலைகள் மட்டுமே அனுமதி. ஒரு நிலையிலிருந்து மேல்நிலைக்குத் தாவ, இடைவெளிக்குச் சரியாகப் பொருந்தும் ஆற்றல் கொண்ட ஒளியைத்தான் அது விழுங்கும். விழுங்கிய அலைநீளத்தில் நிறமாலை இருண்டுவிடுகிறது. இதை உட்கவர் வரி என்கிறார்கள். மேலே போன எலக்ட்ரான் இறங்கும்போது அதே அலைநீளத்தில் ஒளியை வெளியிட்டால் அது வெளியிடு வரி.

எலக்ட்ரான்களை இழந்த அணு அயனி எனப்படும். விண்மீனின் வெப்பநிலை ஏற ஏற அணுக்கள் ஒவ்வொரு எலக்ட்ரானாக இழக்கின்றன. எந்த வெப்பநிலையில் எத்தனை அணுக்கள் எத்தனை எலக்ட்ரானை இழந்திருக்கும் என்று கணக்கிடும் சமன்பாட்டை 1920ல் இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாஹா கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு 1925ல் ஹார்வர்டில் சிசிலியா பேய்ன் தன் முனைவர் ஆய்வில் காட்டியது அன்றைய வானியலாளர்கள் எளிதில் ஏற்காத முடிவு. சூரியனின் கண்ணுறு (கண்ணுக்குத் தெரியும் ஒளியின்) நிறமாலையில் மிக அழுத்தமாகத் தெரிவது கால்சியத்தின் வரிகள். ஆனால் சூரியனில் பல லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒரு கால்சியம் அணுதான் இருக்கிறது. 5,800 கெல்வினில் கால்சியத்தின் எலக்ட்ரான் அந்த வரியை உண்டாக்கச் சரியான நிலையில் நிற்கிறது, ஹைட்ரஜனின் எலக்ட்ரான் அப்படி நிற்கவில்லை. அதனால்தான் குறைவாக இருப்பது உரக்கத் தெரிகிறது. வரியின் அழுத்தத்தைத் தீர்மானிப்பதில் தனிமத்தின் அளவுக்கு இருக்கும் பங்கைவிட வெப்பநிலையின் பங்கு பல நேரம் பெரியது. தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது பிழையைப் பேய்ன் நூறு ஆண்டுகளுக்கு முன்பே தீர்த்துவிட்டார். அது இன்னும் பொதுப்பேச்சுக்கு வந்து சேரவில்லை.

சரி, வெப்பமான விண்மீனில் என்ன ஆகிறது? அணு ஓர் எலக்ட்ரானை இழந்தால், மிச்சமிருப்பவற்றை அணுக்கரு இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. ஆற்றல் நிலைகளுக்கு இடையிலான இடைவெளி பெரிதாகிறது. பெரிய இடைவெளியைத் தாவ அதிக ஆற்றல் வேண்டும், அதிக ஆற்றல் என்றால் குறுகிய அலைநீளம். இப்படியாக மூன்று, நான்கு, ஐந்து எலக்ட்ரான் இழந்த அணுக்களின் வரிகள் கண்ணுக்கு எட்டும் பகுதியை விட்டு நகர்ந்து புற ஊதாவுக்குள் போய்விடுகின்றன.

எலக்ட்ரான் தன் மிகக் கீழ்நிலையிலிருந்து தாவும்போது விழும் முக்கிய வரியை ஒத்திசைவு வரி என்பார்கள். பெரும்பாலான எலக்ட்ரான்கள் கீழ்நிலையில்தான் இருக்கும் என்பதால் இவையே மிக வலிமையானவை. மூன்று எலக்ட்ரான் இழந்த கார்பனுக்கு அது 155 நானோமீட்டரில் இரட்டை வரியாக விழுகிறது. நான்கு இழந்த நைட்ரஜனுக்கு 124க்கு அருகில், மூன்று இழந்த சிலிக்கனுக்கு 139, 140 பக்கம், ஐந்து இழந்த ஆக்ஸிஜனுக்கு 103, 104 பக்கம். பல எலக்ட்ரான் இழந்த இரும்பும் நிக்கலும் ஆயிரக்கணக்கான மெல்லிய வரிகளைப் புற ஊதா முழுவதும் இறைத்து வைத்திருக்கின்றன. அதே விண்மீனைக் கண்ணுறு ஒளியில் பார்த்தால் ஹைட்ரஜன், ஹீலியம், அங்கங்கே வேறு சில வரிகள், அவ்வளவுதான். இரும்பு அங்கே இல்லவே இல்லை என்று நினைக்கத் தோன்றும்.

தரையிலிருந்து ஏன் முடியாது

ஓசோன் படலம் நம்மைப் புற ஊதாவிலிருந்து காப்பாற்றுகிறது என்று பள்ளியில் படித்தோம். அந்தக் காப்பு வானியலாளருக்குப் பூட்டிய கதவு. ஏறத்தாழ 300 நானோமீட்டருக்குக் கீழே ஓசோனும், 200க்குக் கீழே சாதாரண ஆக்ஸிஜனும் ஒளியை விழுங்கிவிடுகின்றன. எந்த மலை உச்சியில் தொலைநோக்கியை வைத்தாலும் 155 நானோமீட்டர் வந்து சேராது. இதை உணர்ந்து, காற்றுமண்டலத்தின் மேலடுக்குகளுக்குக் கருவியைக் கொண்டுபோக வேண்டும் என்று சாஹா 1937லேயே எழுதினார். 1946ல் லைமன் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கிக்கான திட்டத்தை முன்வைத்தார். அப்போது பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள் ஒன்றுகூடக் கிடையாது.

மேலே போனாலும் கண்ணாடி வில்லை உதவாது, சாதாரணக் கண்ணாடியே புற ஊதாவைத் தடுத்துவிடும். ஆடிகளின் அலுமினியப் பூச்சுக்கு மேல் மெக்னீசியம் ஃபுளோரைடு பூசுவார்கள். அது 115 நானோமீட்டர் வரை தாக்குப்பிடிக்கும். அதற்கும் கீழே போக லித்தியம் ஃபுளோரைடு, சிலிக்கன் கார்பைடு என்று வேறு பூச்சுகள் தேவை. ஒளியைப் பிரிக்க முப்பட்டகத்துக்குப் பதிலாகக் கீற்றணி பயன்படும். மிக நெருக்கமான நுண்கோடுகள் கீறிய தகடு அது. ஒவ்வோர் அலைநீளத்தையும் வெவ்வேறு கோணத்தில் திருப்பி அனுப்பும்.

முதல் பெரிய வெற்றி ராக்கெட்டில் வந்தது. 1965 அக்டோபரில் பிரின்ஸ்டனைச் சேர்ந்த டொனால்ட் மார்ட்டன் குழு சிறிய ராக்கெட் ஒன்றில் கருவியை ஏற்றி ஓரியன் விண்மீன்களின் புற ஊதா நிறமாலையைப் பதிவு செய்தது. திருவாதிரைக்கு அருகே ஒரே கோட்டில் நிற்கிறதே மூன்று விண்மீன்கள், அவையும் அதில் அடக்கம். ராக்கெட் உச்சியில் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களில் கிடைத்த தகவல் விண்மீன் பற்றிய எண்ணத்தையே மாற்றியது. என்ன தகவல் என்பது அடுத்த பகுதியில்.

பிறகு 1972ல் கோப்பர்நிக்கஸ் செயற்கைக்கோள் போனது. 1978 ஜனவரியில் பன்னாட்டுப் புற ஊதா ஆய்வுக்கோள் போனது. நாசா, ஐரோப்பிய விண்வெளி முகமை, பிரிட்டன் மூன்றும் சேர்ந்து அனுப்பியது. அதன் ஆடி 45 சென்டிமீட்டர்தான், இன்று ஆர்வலர்கள் மொட்டைமாடியில் வைத்திருக்கும் தொலைநோக்கிகளில் சில அந்த அளவுக்கு வந்துவிட்டன. சில ஆண்டுகள் உழைத்தால் போதும் என்று அனுப்பிய அந்தக் கருவி, திசை காக்கும் ஆறு சுழலிகளில் ஐந்து பழுதான பிறகும் 1996 செப்டம்பர் வரை வேலை செய்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிறமாலைகளைத் தந்தது. 1999ல் ஃபியூஸ் என்ற செயற்கைக்கோள் 91 முதல் 119 நானோமீட்டர் வரையிலான பகுதியைத் திறந்தது. 91க்குக் கீழே விண்வெளியில் பரவிக்கிடக்கும் ஹைட்ரஜனே ஒளியை விழுங்கிவிடுவதால், மிக அருகில் உள்ள சில விண்மீன்களைத் தவிர மற்றவற்றை அங்கே பார்க்க வழியில்லை. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியில் உள்ள நிறமாலைக் கருவிகள் இன்றும் வேலை செய்கின்றன.

இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. அதில் உள்ள புற ஊதாத் தொலைநோக்கியின் முக்கிய வேலை படமெடுப்பது. கீற்றணியும் வைத்திருப்பதால் குறைந்த நுணுக்கத்தில் நிறமாலையும் எடுக்கும்.

நிறமாலையில் தெரியும் காற்று

மார்ட்டனின் ராக்கெட்டுக்குத் திரும்புவோம். அந்த நிறமாலையில் கார்பன், சிலிக்கன் வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இருண்ட பகுதி குறுகிய அலைநீளப் பக்கம் நகர்ந்திருந்தது. அதை ஒட்டி, நீண்ட அலைநீளப் பக்கத்தில் பிரகாசமான ஒரு மேடு. பி சிக்னி என்ற விண்மீனில் முதலில் நன்கு அறியப்பட்டதால் இந்த வடிவத்துக்குப் பி சிக்னி வடிவம் என்று பெயர்.

இதைப் புரிந்துகொள்ள டாப்ளர் விளைவு தெரிந்தால் போதும். ஒளியின் மூலமோ அதை விழுங்கும் வாயுவோ நம்மை நோக்கி வந்தால் வரி குறுகிய அலைநீளத்துக்கு நகரும், விலகிப் போனால் நீண்ட அலைநீளத்துக்கு நகரும். நகர்வின் அளவு வேகத்தைச் சொல்லும்.

இப்போது ஒரு விண்மீனைச் சுற்றி எல்லாத் திசையிலும் வாயு வெளியே பாய்கிறது என்று வையுங்கள். விண்மீனுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் வாயு நம்மை நோக்கி வருகிறது. அது விண்மீனின் ஒளியை விழுங்குவதால் குறுகிய அலைநீளப் பக்கத்தில் இருட்டு விழுகிறது. பக்கவாட்டில் பாயும் வாயுவும் அப்படியே ஒளியை விழுங்கி வேறு திசைகளில் சிதறடிக்கிறது. அதில் ஒரு பங்கு நம் பக்கம் வந்து பிரகாசமான மேடாகச் சேர்கிறது. இருட்டு எந்த அலைநீளத்தில் முடிகிறதோ அதுதான் காற்றின் உச்ச வேகத்தைச் சொல்லும். ஜீட்டா பப்பிஸின் கார்பன் வரியில் அந்த விளிம்பு இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஏறத்தாழ 1.2 நானோமீட்டர் நகர்ந்திருக்கிறது. வேகமாக மாற்றினால் விநாடிக்குச் சுமார் 2,250 கிலோமீட்டர். ஓரியனின் விண்மீன்களில் 1965ல் அளந்த வேகங்களும் விநாடிக்கு 1,000 கிலோமீட்டரைத் தாண்டியவை. இவ்வளவு வேகத்தில் போகும் வாயுவை விண்மீனின் ஈர்ப்பு திரும்ப இழுக்க முடியாது. அப்படியானால் அந்த விண்மீன் தன்னையே கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருக்கிறது.

சூரியனிலிருந்தும் காற்று வீசுகிறது. ஆனால் ஜீட்டா பப்பிஸ் இழக்கும் அளவு அதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு அதிகம். சில லட்சம் ஆண்டுகளில் ஒரு சூரியனின் எடைக்கு ஒத்த வாயு போய்விடும்.

இந்தக் காற்றை எது தள்ளுகிறது? ஒளியேதான். லியோன் லூசியும் பிலிப் சாலமனும் 1970ல் இதைச் சொன்னார்கள். காஸ்டர், ஆபட், கிளைன் மூவரும் 1975ல் முழுக் கோட்பாடாக்கினார்கள். ஒளிக்கு எடை இல்லை என்றாலும் உந்தம் உண்டு. ஓர் அயனி ஒளியை விழுங்கும்போது வெளிப்பக்கமாக ஒரு சிறு தள்ளு கிடைக்கிறது. பிறகு எந்தத் திசையில் வேண்டுமானாலும் வெளியிடுவதால் அந்தப் பக்கம் கணக்கு நேராகிவிடும், ஆக மிச்சம் வெளிநோக்கிய தள்ளு. இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இது: வாயு வேகம் எடுக்க எடுக்க டாப்ளர் விளைவால் அதன் வரி நகர்ந்துகொண்டே போகிறது. கீழே உள்ள வாயு இன்னும் விழுங்காத புதிய ஒளி அதற்குக் கிடைக்கிறது. அதனால் தள்ளு நிற்பதில்லை.

இந்தத் தள்ளை வாங்கிக்கொள்வது ஹைட்ரஜனும் ஹீலியமும் அல்ல, அவற்றுக்கு வரிகள் குறைவு. எடையில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு மட்டுமே இருக்கும் கார்பன், நைட்ரஜன், ஆக்ஸிஜன், இரும்பு ஆகியவைதான் தள்ளை வாங்கி, மோதல்கள் வழியாக மற்ற வாயுவையும் இழுத்துக்கொண்டு ஓடுகின்றன. அப்படியென்றால் இந்தத் தனிமங்கள் குறைவாக உள்ள இடத்தில் காற்றும் மெலிந்துவிட வேண்டும். நமக்கு அண்மையில் உள்ள சிறிய மெகல்லன் மேகம் என்ற விண்மீன் மண்டலத்தில் இவை சூரியனில் உள்ளதைப் போல ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். அங்கே பி சிக்னி வடிவங்கள் உண்மையிலேயே மெலிந்திருக்கின்றன. காற்று குறைந்தால் விண்மீன் கனமாகவே முதிர்ந்து, கடைசியில் கனமான கருந்துளையை விட்டுச்செல்லலாம். ஹபிள் பூமியைச் சுற்றும் சுற்றுகளில் சுமார் 1,000ஐ ஒதுக்கி நடத்திய யுலிசிஸ் என்ற திட்டத்தில் பாதி, இப்படிப்பட்ட இடங்களில் உள்ள வெப்பமான விண்மீன்களின் நிறமாலைகளுக்குப் போனது.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். காற்றின் வேகத்தை நம்பி அளக்கலாம். எவ்வளவு வாயு போகிறது என்ற கணக்கில் இன்னும் சண்டை ஓயவில்லை. காற்று சீராக வீசாமல் திட்டுத்திட்டாகப் போகிறது. ஃபியூஸ் பதிவு செய்த பாஸ்பரஸ் வரிகள் (112 நானோமீட்டர் பக்கம்) பழைய மதிப்பீடுகளில் பல மிகை என்று 2006 வாக்கில் காட்டின. அதனால் ஒரு விண்மீன் ஆண்டுக்கு இவ்வளவு இழக்கிறது என்று துல்லியமான ஒற்றை எண்ணைப் படித்தால், அதில் சில மடங்கு முன்பின் இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக, புற ஊதாவில் உள்ள ஒரே ஒரு வரியின் வடிவம், விண்மீன் காற்று இருக்கிறது என்பதையும் அதன் வேகத்தையும் ஒருங்கே சொல்லிவிடுகிறது. காற்றை ஓட்டுவது ஒளி. அந்த ஒளியைப் பிடித்துக்கொள்வது கொஞ்சமாக இருக்கும் கன தனிமங்கள்.

மேலுறை இழந்த விண்மீன்கள்

மார்ச் மாத முன்னிரவில் தெற்கே அகத்திய விண்மீனைக் கண்டுபிடித்து, அதற்கு இடப்புறம் கொஞ்சம் மேலே பாருங்கள். ஜீட்டா பப்பிஸும் அதற்குச் சற்றுக் கீழே காமா வெலோரமும் தெரியும். காமா வெலோரம் ஓர் இரட்டை. அதில் ஒன்று உல்ஃப்-ராயே வகை. 1867ல் பாரிஸில் சார்லஸ் உல்ஃப், ஜார்ஜ் ராயே இருவரும் முதன்முதலில் கண்ட வகை என்பதால் இந்தப் பெயர். இவற்றில் இருண்ட வரிகளுக்குப் பதில் அகலமான பிரகாச வரிகள் நிற்கும். காற்று அவ்வளவு அடர்த்தியானது என்பதால் நாம் பார்ப்பது விண்மீனின் மேற்பரப்பையே அல்ல, காற்றைத்தான். வெளியுறை ஹைட்ரஜன் எல்லாம் போய், உள்ளே சமைந்த ஹீலியமும் கார்பனும் வெளியே தெரிகின்றன.

உல்ஃப்-ராயேயைப் பார்த்தாலே விநோதம் தெரிந்துவிடும். கண்ணுறு ஒளியில் முழுக்க மறைந்துகொள்ளும் விநோதங்களும் உண்டு. பெர்சியஸ் கூட்டத்தில் உள்ள ஃபை பெர்சியை வெறும் கண்ணால் பார்க்கலாம். மிக வேகமாகத் தன்னைத்தானே சுற்றும் நீல விண்மீன் அது. இத்தனை வேகம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை, 127 நாளுக்கு ஒருமுறை அதைச் சுற்றிவரும் ஒரு சின்னத் துணை. முன்பு கனமாக இருந்த அந்தத் துணை வீங்கியபோது தன் வெளியுறையை இதன் மேல் கொட்டிவிட்டது. கொட்டிய வாயு இதைச் சுழற்றிவிட்டது. மிச்சமாக நிற்பது ஏறத்தாழ 53,000 கெல்வினில் கொதிக்கும் உள்ளுடல். இப்படிப்பட்ட சிறிய, மிக வெப்பமான மிச்சங்களைத் துணைக்குறுமீன்கள் என்கிறார்கள்.

கண்ணுறு ஒளியில் பெரிய விண்மீனின் பிரகாசம் துணையை விழுங்கிவிடும். புற ஊதாவில் துணையின் பங்கு கொஞ்சம் ஏறுகிறது, அப்போதும் மொத்தத்தில் ஒரு சிறு பங்குதான். அதைப் பிடிக்கும் முறை அழகானது. துணையில் இருக்க வேண்டிய ஆயிரக்கணக்கான இரும்பு வரிகளின் அமைப்பை முதலில் கணினியில் செய்துகொள்கிறார்கள். அந்த அமைப்பை நிறமாலையின் மேல் வைத்து நகர்த்திப் பார்க்கிறார்கள். தனித்தனியே எந்த வரியும் தெரியாவிட்டாலும் எல்லாம் ஒன்றாகப் பொருந்தும் இடத்தில் ஒரு சிறு உச்சம் எழும். நாள் செல்லச் செல்ல அந்த உச்சம் முன்னும் பின்னும் ஆடினால் துணை சுற்றுகிறது என்று பொருள். ஃபை பெர்சியில் இந்தத் துணையை ஹபிள் 1998ல் உறுதி செய்தது. அதைவிட எனக்கு வியப்பானது, 2017, 2018ல் பழைய பன்னாட்டு ஆய்வுக்கோளின் காப்பகத்தைத் தோண்டி இதே முறையில் இன்னும் பல துணைகளுக்கான தடயங்களை எடுத்தார்கள் என்பது. கருவி அணைந்து 20 ஆண்டு கழித்து!

2023 டிசம்பரில் வெளியான ஓர் ஆய்வு, மெகல்லன் மேகங்களில் புற ஊதா வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருக்கும் விண்மீன்களைத் தேடி, உறை இழந்த 25 ஹீலியம் விண்மீன்களை அடையாளம் கண்டது. உல்ஃப்-ராயேக்கும் துணைக்குறுமீனுக்கும் நடுவில் இருக்க வேண்டிய கூட்டம் இது. இருந்தே ஆக வேண்டும் என்று கோட்பாடு நீண்ட காலமாகச் சொல்லி வந்தது, கண்ணில்தான் அகப்படவில்லை.

மேற்பரப்பில் மிதக்கும் ஈயம்

கடைசியாக, தடிமன் வரியைப் பார்த்து முடிவுக்குத் தாவுபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியவை.

சில துணைக்குறுமீன்களின் புற ஊதா நிறமாலையில் ஜெர்மேனியம், வெள்ளீயம், ஈயம் ஆகியவற்றின் வரிகளை ஹபிள் கண்டது. 2011ல், இந்த முறை கண்ணுறு ஒளியிலேயே, ஒரு துணைக்குறுமீனின் மேற்பரப்பில் சிர்கோனியம் சூரியனில் உள்ளதைவிட 10,000 மடங்கு இருப்பது தெரிந்தது. அந்த விண்மீன் முழுக்கச் சிர்கோனியமா? இல்லை. இவற்றின் மேலடுக்கு மிக அமைதியானது, கலக்கிவிடும் கொதிப்பு கிடையாது. அங்கே ஒவ்வொரு தனிமத்தையும் ஈர்ப்பு கீழே இழுக்கிறது, ஒளி மேலே தள்ளுகிறது. ஒளியை நன்றாக விழுங்கும் அயனி மேலே ஏறி ஒரு மெல்லிய அடுக்காகச் சேர்கிறது. காற்றை ஓட்டிய அதே ஒளித் தள்ளு இங்கே வேறு வேலை செய்கிறது. நாம் அளப்பது அந்த மெல்லிய அடுக்கை மட்டுமே.

வெண்குறுமீன்களிலும் இது நடக்கிறது. எரிபொருள் தீர்ந்து பூமி அளவுக்குச் சுருங்கிய விண்மீன் மிச்சத்தை வெண்குறுமீன் என்கிறோம். ஆர்இ 0503-289 என்ற 70,000 கெல்வின் வெண்குறுமீனின் ஃபியூஸ் நிறமாலையில், எதன் வரி என்று தெரியாமல் கிடந்த சில வரிகள் கிரிப்டானுக்கும் செனானுக்கும் சொந்தமானவை என்று 2012ல் கண்டுபிடித்தார்கள். வெண்குறுமீன் ஒன்றில் இந்த வாயுக்களைக் கண்டது அதுவே முதல்முறை.

ஆனால் எல்லா விநோதத்துக்கும் ஒளித் தள்ளையே காரணமாகச் சொல்லிவிடவும் முடியாது. 1942ல் டேனியல் பாப்பர் கண்ட எச்டி 124448 என்ற விண்மீனில் ஹைட்ரஜன் கிட்டத்தட்ட இல்லை, எல்லாம் ஹீலியம். இந்த மிகை ஹீலியம் விண்மீன்கள் இரண்டு வெண்குறுமீன்கள் இணைந்து உண்டானவை என்பது இன்று வலுவான கருத்து. பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கஜேந்திர பாண்டே, காமேஸ்வர ராவ் ஆகியோர் டேவிட் லாம்பர்ட், சைமன் ஜெஃப்ரி ஆகியோருடன் சேர்ந்து, இப்படிப்பட்ட இரண்டு விண்மீன்களை ஹபிளின் புற ஊதா நிறமாலையில் ஒப்பிட்டார்கள். வி1920 சிக்னியில் இட்ரியமும் சிர்கோனியமும் மிகுந்திருந்தன, எச்டி 124448ல் அப்படி இல்லை. இந்தத் தனிமங்கள் முதிர்ந்த விண்மீன்களின் உள்ளே மெதுவாக நியூட்ரான்களைச் சேர்த்துச் சேர்த்து உருவாகுபவை. அதனால் இங்கே கேள்வி, ஒவ்வொன்றிலும் இணைந்த இரண்டு வெண்குறுமீன்களும் அதற்கு முன் எப்படி வாழ்ந்தன என்று போகிறது. ஒரே சிர்கோனியம், ஒரு விண்மீனில் மேற்பரப்புத் திரட்சி, இன்னொன்றில் கடந்தகாலத்தின் தடம். எது எது என்று பிரித்தறிய வெப்பநிலை, ஈர்ப்பு, மேலடுக்கின் கொதிப்பு, மற்றத் தனிமங்களின் வரிசை என எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நீங்களே பார்க்கலாம்

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி புற ஊதாவைப் பார்க்காது. ஆகவே இந்தத் துறை இப்போதைக்குப் பெரும்பாலும் வயதான ஹபிளை நம்பியிருக்கிறது. நிறமாலைக் கருவியுடன் கூடிய யுவெக்ஸ் என்ற செயற்கைக்கோளை 2030ல் அனுப்ப நாசா திட்டமிட்டிருக்கிறது.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பன்னாட்டு ஆய்வுக்கோள், ஃபியூஸ், ஹபிள் மூன்றின் நிறமாலைகளும் மாஸ்ட் என்ற இணையக் காப்பகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கும்படி இருக்கின்றன. ஜீட்டா பப்பிஸ் என்று தேடி, பழைய ஆய்வுக்கோளின் நிறமாலை ஒன்றைத் திறங்கள். 155 நானோமீட்டர் பக்கம் போங்கள். அந்தக் கோப்புகள் ஆங்ஸ்ட்ராம் என்ற அலகில் இருப்பதால் 1,550 என்று பார்க்க வேண்டும், 10 ஆங்ஸ்ட்ராம் ஒரு நானோமீட்டர். வலப்பக்கம் மேடும் இடப்பக்கம் ஆழமான பள்ளமும் தெரியும். பள்ளத்தின் இடது விளிம்பு எங்கே ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 1,548லிருந்து அதைக் கழித்து, 1,548ஆல் வகுத்து, ஒளியின் வேகமான 3 லட்சம் கிலோமீட்டரால் பெருக்குங்கள். வரும் விடைதான் விண்மீன் காற்றின் வேகம். விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்காது, கொஞ்சம் மழுங்கித்தான் இருக்கும். அதனால் உங்கள் விடை 2,250ஐவிட ஒன்றிரண்டு நூறு கூடக் குறைய வரலாம்.